கூலி, சம்பளம், ஊதியம்: சிங்கப்பூரின் வளர்ச்சியும் குறைந்த வருமான ஊழியர் ஆதரவும்

ஒரு நாட்டின் பொருளியல் வளர்ச்சியைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் ஏற்றுமதி, முதலீடு, உற்பத்தி ஆகியவற்றின் எண்களைக் காட்டுவர். மொழியை ஆராய்வோர் வேறொரு வாயில் வழியாகவும் உள்ளே நுழையலாம். உழைப்புக்கு ஈடாகக் கிடைப்பதை ஒரு சமூகம் எந்தெந்தச் சொற்களால் குறித்தது, அச்சொற்களின் பொருள் எவ்வாறு மாறியது என்று பார்த்தால், உழைப்போரை அச்சமூகம் எவ்வாறு மதித்தது என்பதும் தெரியவரும். சிங்கப்பூரில் குறைந்த வருமான ஊழியர்களுக்கு அரசு அளித்துவரும் ஆதரவின் வரலாற்றை நாம் இக்கட்டுரையில் அந்த வாயில் வழியே காண்போம்.

சொற்களிலிருந்து தொடங்குவோம்

தமிழில் இப்பொருளைக் குறிக்க மூன்று சொற்கள் பெருவழக்காக உள்ளன. அவற்றுள் 'கூலி' மிகப் பழையது. முயற்சியின் பயனைப் பேசும் 619ஆம் குறளில் இச்சொல் இடம்பெறுகிறது. அங்கே அதற்கு இழிவுப்பொருள் சிறிதும் இல்லை. உடல் வருந்திய உழைப்பின் பயன் என்னும் உயர்ந்த பொருளே உண்டு. காலனித்துவக் காலத்தில்தான் அச்சொல் பெறப்படும் பொருளிலிருந்து பெறும் மனிதர் மேல் ஏறியது. உழைப்பின் பயனைக் குறித்த சொல், உழைப்பவரையே தாழ்த்திக் குறிக்கும் சொல்லாகக் கப்பல்களிலும் தோட்டங்களிலும் வழங்கலாயிற்று.

'சம்பளம்' என்பதைச் சம்பா நெல்லும் அளத்து உப்பும் என்று பிரித்துக் காண்பார் உளர். வழிப்பயணத்துக்கான உணவைக் குறிக்கும் வடசொல்லோடு அதனைத் தொடர்புபடுத்துவாரும் உளர். இவ்விரு விளக்கங்களுள் எதனை ஏற்றாலும், உழைப்புக்கு ஈடாக முதலில் கிடைத்தது உணவே என்னும் நினைவு அச்சொல்லுள் இருக்கிறது.

'ஊதியம்' என்பதன் கதை இன்னும் சுவையானது. குறளில் அச்சொல்லுக்கு இலாபம், பேறு என்பதே பொருள். 449ஆம் குறளில் அது முதலீட்டோடு சேர்த்தே பேசப்படுகிறது. அஃதாவது, முதலிட்டவர்க்குக் கிடைக்கும் பயனைக் குறித்த சொல், பிற்காலத்தில் உழைத்தவர்க்குக் கிடைக்கும் பயனைக் குறிக்கத் தொடங்கியது. வளர்ச்சியின் பயனில் முதலிட்டவர் பங்கு எவ்வளவு, உழைத்தவர் பங்கு எவ்வளவு என்பதே சம்பளக் கொள்கையின் மையக் கேள்வி. அவ்விரு பங்கையும் வெவ்வேறு காலங்களில் சுமந்த ஒரே சொல் நம் மொழியில் இருப்பது மாணவர்க்குச் சொல்லத்தக்க செய்தியாகும்.

தோட்டமும் துறைமுகமும்

இந்த வட்டாரத்துக்குத் தமிழர் வந்து சேர்ந்த வரலாற்றில் அரசு சம்பளத்தில் தலையிட்டது புதியதன்று. மலாயாவில் ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் முடிவுக்குக் கொண்டுவரப்பட்டது. அதன்பின் கங்காணி முறையே தமிழ்த் தொழிலாளர் வரவின் பெருவழியாக நின்றது. கங்காணி, தாம் அழைத்துவந்த ஆட்கள் வேலைக்கு வரும் நாள்களைக் கணக்கிட்டுத் தோட்ட நிர்வாகத்திடம் பெற்ற தொகைக்குத் 'தலைக்காசு' என்று பெயர். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தொகுப்பைத் தொடர்ந்து இந்தியத் தொழிலாளர்க்கு நாள் கூலியின் அளவு அறிவிக்கப்பட்டது. ஆண்களுக்கு ஓரளவும் பெண்களுக்கு அதனினும் குறைந்த ஓரளவுமாக அது வகுக்கப்பட்டது. உலகப் பொருளியல் மந்தத்தின்போது இரப்பர் விலை வீழ்ந்ததும் அக்கூலியும் வீழ்ந்தது. சந்தை சரிந்தால் கூலியும் சரியும், ஆனால் அச்சரிவிலிருந்து தொழிலாளரைத் தாங்க எதுவும் இல்லை என்பதே அக்காலத்தின் பாடம். 1938இல் இந்திய அரசாங்கம் உதவிபெற்ற உடலுழைப்புத் தொழிலாளர் குடியேற்றத்தைத் தடைசெய்தது.

சிங்கப்பூரில் தமிழர் துறைமுகத்திலும் நகராட்சித் துப்புரவுப் பணியிலும் செம்பவாங் கடற்படைத் தளத்திலும் பெருந்தொகையாக உழைத்தனர். போருக்குப் பிந்திய ஆண்டுகள் வேலைநிறுத்தங்கள் நிறைந்தவை. 1955 மே மாதம் ஹோக் லீ பேருந்து நிறுவனத்தில் எழுந்த போராட்டம் கலவரமாக மாறி உயிர்களைக் கொண்டது. அதே ஆண்டு ஜூலை முதல் நாள் மத்திய சேம நிதி நடைமுறைக்கு வந்தது. முதலாளி 5 விழுக்காடும் ஊழியர் 5 விழுக்காடும் செலுத்த, முதுமைக்கென ஒரு சேமிப்பு உருவாயிற்று. அரசின் வரிப்பணத்திலிருந்து முதுமைக்கால உதவி வழங்காமல் ஊழியரின் சம்பளத்தோடு பிணைந்த சேமிப்பைத் தேர்ந்த அம்முடிவின் விளைவுகள் இன்றுவரை தொடர்கின்றன.

வேலையே முதல் ஆதரவு

1959இல் சுயாட்சி பெற்றபோது சிங்கப்பூரின் முதற்பெரும் சிக்கல் வேலையின்மை. அக்காலத்தில் குறைந்த வருமானத்தாருக்கு அரசு அளித்த ஆதரவு, பணமாக அன்றி வேலையாகவே வரவேண்டும் என்று கருதப்பட்டது. ஐக்கிய நாட்டுக் குழுவுடன் வந்த டச்சுப் பொருளியலாளர் ஆல்பர்ட் வின்செமியஸின் ஆலோசனையைத் தொடர்ந்து 1961 ஆகஸ்டு மாதம் பொருளியல் வளர்ச்சிக் கழகம் நிறுவப்பட்டது. சதுப்பு நிலமாக இருந்த ஜூரோங் தொழிற்பேட்டையாகத் திருத்தப்பட்டது.

1968 ஜனவரியில் பிரிட்டன் தன் படைகளை விரைந்து விலக்கிக்கொள்ளப்போவதாக அறிவித்தது. படைத்தளங்கள் அன்றைய பொருளியலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கைத் தாங்கி நின்றன. தமிழரும் மலையாளிகளும் செறிந்து வாழ்ந்த செம்பவாங் வட்டாரத்துக்கு இது பேரிடியாயிற்று. கடற்படைப் பட்டறை அதே ஆண்டு வணிகக் கப்பல் பட்டறையாக மாற்றப்பட்டது. அதே 1968இல் வேலை நியமனச் சட்டம் நிறைவேறியது. வாரத்திற்கு 44 மணி நேரம் என்னும் வேலை நேர ஒழுங்கு அச்சட்டத்தின் வழி வந்தது. தொழிற்சங்கங்கள் பேரம் பேசக்கூடிய பொருள்களுட் சில தொழிலுறவுச் சட்டத் திருத்தத்தால் குறைந்தன. முதலீட்டாளர்க்கு நம்பிக்கை ஊட்டுவதற்காகத் தொழிலாளர் கொடுத்த விலை அது.

அவ்விலைக்கு ஈடாக எது கிடைக்கும் என்ற கேள்விக்குத் தேசியத் தொழிற்சங்கக் காங்கிரஸ் 1969இல் கூட்டிய கருத்தரங்கில் விடை தேடியது. சி. வி. தேவன் நாயர் முன்னின்ற அவ்வியக்கம், சம்பளப் பேரத்தோடு நில்லாமல் உறுப்பினரின் செலவைக் குறைக்கும் கூட்டுறவுகளையும் அமைக்க முடிவுசெய்தது. 1970இல் இன்கம் காப்புறுதிக் கூட்டுறவும், 1973இல் தோ பாயோவில் இன்றைய ஃபேர்பிரைஸின் முன்னோடியான பேரங்காடியும் தொடங்கின. வருமானத்தை உயர்த்துவது ஒரு வழி. வாங்கும் பொருளின் விலையை அடக்குவது மற்றொரு வழி. குறைந்த வருமானக் குடும்பத்துக்கு இரண்டும் ஒன்றே. 1968 முதல் மத்திய சேம நிதியைக் கொண்டு வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீட்டை வாங்க முடிந்ததையும் இவ்வரிசையிலேயே வைத்துக் காண வேண்டும்.

முத்தரப்பின் தோற்றம்

1970களின் தொடக்கத்தில் நிலைமை தலைகீழாயிற்று. வேலை தேடுவோர் மிகுந்திருந்த நாட்டில் ஆள் பற்றாக்குறை தோன்றியது. சம்பளம் கட்டின்றி உயர்ந்தால் முதலீடு விலகும். அடக்கிவைத்தால் தொழிலாளர் மனம் குமுறும். இவ்விரண்டுக்கும் இடையே வழிகாண 1972இல் தேசிய சம்பள மன்றம் அமைந்தது. அரசு, முதலாளிகள், தொழிற்சங்கம் ஆகிய மூவரும் ஒரே மேசையில் அமர்ந்து ஆண்டுதோறும் பரிந்துரை வழங்கும் அம்மன்றத்துக்குப் பேராசிரியர் லிம் சோங் யா 2001 வரை தலைமை வகித்தார். 'முத்தரப்பு' என்னும் சொல் சிங்கப்பூர்த் தமிழ்ச் செய்திகளில் இன்று அன்றாடச் சொல்லாகிவிட்டது. முத்தமிழ், முக்கனி, முந்நீர் என்று மூன்றைச் சேர்த்துப் பழகிய மொழிக்கு அச்சொல்லாக்கம் இயல்பாகவே அமைந்தது.

1979 முதல் மூன்றாண்டுகள் சம்பளத்தை வேண்டுமென்றே உயர்த்தும் கொள்கை பின்பற்றப்பட்டது. மலிந்த உழைப்பை நம்பிய தொழில்களிலிருந்து திறன்மிக்க தொழில்களுக்கு நாடு நகர வேண்டும் என்பதே நோக்கம். அதே 1979இல் தேர்ச்சி மேம்பாட்டு நிதியும் தொடங்கப்பட்டது. குறைந்த சம்பளம் பெறும் ஊழியர்களை வைத்திருக்கும் முதலாளிகள் அவர்கள் பொருட்டுத் தீர்வை செலுத்த, அத்தொகை பயிற்சிக்குத் திருப்பப்பட்டது. 1980களின் தொடக்கத்தில் 'பெஸ்ட்' எனப்பட்ட திட்டத்தின்கீழ், தொடக்கக் கல்வியை முடிக்காத ஊழியர்களுக்கு ஆங்கிலமும் கணிதமும் கற்பிக்கப்பட்டன. சம்பள ஏணியின் முதற்படியில் நின்றவருக்குத் தடையாக இருந்தவற்றுள் ஒன்று மொழி என்பதை அரசே ஏற்றுக்கொண்டதற்கு அது சான்று.

இக்கொள்கைக்கு ஓர் எல்லையும் இருந்தது. 1984இல் மத்திய சேம நிதிக்கு முதலாளியும் ஊழியரும் தலைக்கு 25 விழுக்காடு செலுத்தினர். 1985இல் பொருளியல் சுருங்கியதும், மறு ஆண்டு முதலாளியின் பங்கு 10 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. கையில் வாங்கும் சம்பளம் மாறவில்லை. முதுமைக்கென ஒதுங்கிய தொகையே குறைந்தது. வேலைகளைக் காக்க அது உதவியது என்பது உண்மை. அதன் சுமையை இளையோரைவிட ஓய்வை நெருங்கியவர் மிகுதியாக உணர்ந்திருப்பர் என்பதும் உண்மை.

வளர்ச்சி மட்டும் போதாதபோது

2000ஆம் ஆண்டுகளில் ஒரு புதிய நிலை தெளிவாயிற்று. நாடு வளர்ந்தது, வேலைகள் பெருகின, ஆயினும் துப்புரவு, பாதுகாவல் போன்ற துறைகளில் சம்பளம் பல ஆண்டுகள் அசையாமல் நின்றது. இதற்குக் காரணம் ஊழியரின் சோம்பல் அன்று. கட்டடங்களும் அலுவலகங்களும் துப்புரவுப் பணியை வெளி நிறுவனங்களுக்கு ஏலமுறையில் ஒப்படைத்தன. விலையைக் குறைத்துக் கேட்ட நிறுவனத்துக்கு ஒப்பந்தம் கிடைத்தது. துப்புரவுப் பணியின் செலவில் பெரும்பகுதி சம்பளமே. எனவே விலைப்போட்டி என்பது சம்பளத்தை அடக்கும் போட்டியாகவே முடிந்தது. வெளிநாட்டு ஊழியர் வரவும் அவ்வழுத்தத்தைக் கூட்டியது.

2005இல் குறைந்த வருமான ஊழியர் பற்றி அமைச்சர்நிலைக் குழு ஒன்று அமைக்கப்பட்டது. 2006இல் ஒருமுறை ஊக்கத்தொகையாக வந்தது, 2007இல் 'வேலைநலன் துணை வருமானத் திட்டம்' என்னும் நிலையான திட்டமாயிற்று. தொடக்கத்தில், 35 வயதைக் கடந்து, மாதம் 1,500 வெள்ளிக்கு மிகாமல் ஈட்டும் குடிமக்களுக்கு அது வழங்கப்பட்டது. பின்னர் எல்லை படிப்படியாக விரிந்தது. 2023இல் வயது வரம்பு 30ஆகக் குறைந்து, மூத்த ஊழியர்க்கான உச்சத் தொகை ஆண்டுக்கு 4,200 வெள்ளியாயிற்று. 2025இல் சம்பள வரம்பு 3,000 வெள்ளியாகவும் உச்சத் தொகை 4,900 வெள்ளியாகவும் உயர்ந்தன.

திட்டத்தின் பெயரை நாம் சற்று நின்று நோக்குவோம். 'வெல்ஃபேர்' என்னும் ஆங்கிலச் சொல்லின் முன்பகுதியை நீக்கி, வேலையைக் குறிக்கும் 'வொர்க்' என்பதை அங்கே வைத்து உருவாக்கப்பட்டது 'வொர்க்ஃபேர்'. வேலை செய்வோர்க்கே இவ்வாதரவு என்னும் கொள்கை பெயரிலேயே உள்ளது. தமிழில் 'வேலைநலன்' என்று அதனை ஆக்கியவர்கள் உதவி, கொடை, நிவாரணம் ஆகிய சொற்களைத் தவிர்த்தது பொருத்தமே. பெறுபவர் இரப்பவர் அல்லர். உழைத்து ஈட்டும் வருமானத்துக்குத் துணையாக ஒரு தொகையைப் பெறுபவர். வகுப்பறையில் இதனை 'உதவித்தொகை' என்று சொல்லிவிடும் பழக்கத்தை ஆசிரியர்கள் கைவிடுதல் நன்று.

இத்தொகையில் ஊழியருக்கு 40 விழுக்காடு ரொக்கமாகவும் 60 விழுக்காடு மத்திய சேம நிதியிலும் சேர்கிறது. ஏன் இந்தப் பிரிப்பு? சேம நிதி சம்பளத்தின் விழுக்காட்டில் கணக்கிடப்படுவதால், சம்பளம் குறைந்தவருக்கு முதுமைச் சேமிப்பும் குறைவாகவே சேர்கிறது. 1955இல் எடுத்த முடிவின் இக்குறையை 2007இல் வந்த திட்டம் ஓரளவு நிரப்புகிறது.

முதலாளி ஒழுங்காகச் சேம நிதி செலுத்தினால் ஊழியர் விண்ணப்பிக்க வேண்டியதில்லை. தொகை தானே வரும். அதே காரணத்தால், கணக்கில் வராமல் கையில் கூலி பெறுபவர் இதனை இழக்கிறார். சொந்தத் தொழில் செய்பவர் தம் வருமானத்தை அறிவித்து மெடிசேவ் கணக்கில் பணம் செலுத்த வேண்டும். சட்டத்தின் சொற்கள் புரியாதவருக்கு உரிமை எட்டாமற் போகக்கூடிய இடம் இதுவே. மொழி ஆசிரியரின் பணி இங்கே பொருளியலாளரின் பணியைத் தொடுகிறது.

படி என்னும் சொல்

வேலைநலனால் ஊழியரின் வருமானம் கூடியதே தவிர, முதலாளி கொடுக்கும் சம்பளம் தானாகக் கூடவில்லை. 2012 ஏப்ரலில் பேராசிரியர் லிம் சோங் யா, மாதம் 1,500 வெள்ளிக்குக் கீழ் பெறுவோரின் சம்பளத்தை மூன்றாண்டுகளில் 50 விழுக்காடு உயர்த்த வேண்டும் என்று பொதுவில் முன்மொழிந்தார். உற்பத்தித்திறன் உயராமல் சம்பளம் அவ்வளவு விரைந்து உயர்ந்தால் வேலைகள் அழியும் என்று அரசும் தொழிற்சங்கமும் அஞ்சின. ஆயினும் அவ்விவாதம் வீண்போகவில்லை. அவ்வாண்டு தேசிய சம்பள மன்றம், 1,000 வெள்ளி வரை பெறுவோர்க்குக் குறைந்தது 50 வெள்ளி உயர்வு தரப் பரிந்துரைத்தது. விழுக்காட்டை விடுத்துத் தொகையைச் சொன்னதில் ஒரு நுட்பம் உண்டு. 50 வெள்ளி என்பது 1,000 வெள்ளி பெறுபவருக்கு 5 விழுக்காடு. 800 வெள்ளி பெறுபவருக்கு 6.25 விழுக்காடு. கீழே நிற்பவருக்கு உயர்வின் விகிதம் கூடுகிறது.

அதே 2012இல் தேசியத் தொழிற்சங்கக் காங்கிரஸ் 'படிப்படியான சம்பள முறை'யை முன்வைத்தது. திறன், பொறுப்பு, உற்பத்தித்திறன் ஆகியவை உயர உயரச் சம்பளமும் ஒவ்வொரு படியாக உயரும் ஏணி அது. துப்புரவுத் துறையில் 2014இல் உரிமம் பெறுவதற்கான நிபந்தனையாக அது கட்டாயமாயிற்று. தொடக்கச் சம்பளம் 1,000 வெள்ளி. 2016இல் நிலவனப்பு, பாதுகாவல் துறைகளுக்கும், 2022 முதல் சில்லறை வர்த்தகம், உணவுச் சேவை, கழிவு நிர்வாகம் ஆகியவற்றுக்கும் அது விரிந்தது. துப்புரவு ஊழியரின் தொடக்கச் சம்பளம் 2023 ஜூலையில் 1,570 வெள்ளியாக உயர்ந்தது. உயர்வின் ஒரு பகுதியை இடைக்காலத்துக்கு அரசு ஏற்கும் திட்டமும் 2022இல் வந்தது.

தமிழில் 'படி' என்பது ஏறும் படியையும் குறிக்கும். நெல்லளக்கும் அளவையும் குறிக்கும். பஞ்சப்படி, பயணப்படி என்பவற்றில் சம்பளத்தோடு சேர்த்துத் தரும் தொகையையும் குறிக்கும். இம்முறையின் பெயரில் முதற்பொருள் மட்டுமே கருதப்பட்டது. ஆயினும் ஏணியில் ஏறிய ஊழியரின் வீட்டில் அரிசி அளக்கும் படியும் நிறைய வேண்டும். அதனை வைத்தே இம்முறையின் வெற்றியை அளத்தல் தகும்.

அண்டை நாடான மலேசியா வேறு வழியைத் தேர்ந்தது. அங்கே 2013 ஜனவரி முதல் தேசியக் குறைந்தபட்சச் சம்பளம் நடைமுறைக்கு வந்தது. தீபகற்பத்தில் 900 ரிங்கிட், சபா சரவாக்கில் 800 ரிங்கிட் என்று தொடங்கி, 2025இல் அது 1,700 ரிங்கிட்டாயிற்று. எல்லாத் துறைக்கும் ஒரே தளம் அமைப்பது அவ்வழி. துறைதோறும் ஏணி அமைத்து, வரிப்பணத்தால் துணை வருமானம் தருவது சிங்கப்பூரின் வழி. முதல்வழியை ஒரு தோட்டத் தொழிலாளி ஒரே வரியில் புரிந்துகொள்ள முடியும். இரண்டாவது வழி, துறைக்கேற்ப நுட்பமாக இயங்கவல்லது. ஆனால் விளக்கிச் சொல்ல ஆள் வேண்டும்.

நெருக்கடிக் காலங்களில் அரசு வேலைகளையே நேரடியாகத் தாங்கியதையும் மறக்கலாகாது. 2009இல் உள்ளூர் ஊழியரின் மாதச் சம்பளத்தில் முதல் 2,500 வெள்ளியின் 12 விழுக்காட்டை அரசு முதலாளிகளுக்கு வழங்கியது. 2020 ஏப்ரலில் கொவிட்-19 தொற்றால் நாடு முடங்கியபோது முதல் 4,600 வெள்ளியின் 75 விழுக்காட்டை ஏற்றது. 1930களின் தோட்டத் தொழிலாளியைத் தாங்க எதுவும் இல்லாதிருந்த நிலையோடு இதனை ஒப்பிட்டால், இடைப்பட்ட காலத்தின் தொலைவு விளங்கும்.

விடுபட்டவர்கள்

இவ்வரலாற்றைச் சொல்லும்போது அதன் எல்லைக்கோட்டையும் சொல்ல வேண்டும். வேலைநலன் குடிமக்களுக்கு உரியது. படிப்படியான சம்பள முறை குடிமக்களையும் நிரந்தரவாசிகளையும் கருதி அமைந்தது. தமிழகத்திலிருந்து வந்து கட்டுமானத் துறையிலும் கப்பல் பட்டறைகளிலும் உழைக்கும் தமிழ் பேசும் தொழிலாளர் இவ்விரண்டிலும் இல்லை. அவர்களுக்கு வேலை நியமனச் சட்டத்தின் பாதுகாப்பும் காயத்துக்கான இழப்பீட்டு உரிமையும் உண்டு. வருமானத் துணை இல்லை. நூறாண்டுகளுக்கு முன் நம் முன்னோர் நின்ற இடத்துக்கு அருகில் இன்று நிற்பவர்கள் அவர்களே. வளர்ச்சியின் பயன் எவரெவரைச் சேர வேண்டும் என்னும் கேள்வி அவர்களைத் தவிர்த்து முழுமையடையாது.

மாணவர்க்கு ஒரு பணியை இங்கே முன்வைக்கிறோம். வீட்டிலுள்ள மூத்தோரிடம், தாம் வாங்கியதை அவர்கள் எந்தச் சொல்லால் குறித்தனர் என்று கேட்டு எழுதுங்கள்: கூலியா, சம்பளமா, வேறொரு சொல்லா? எந்த வேலைக்கு எந்தச் சொல் வழங்கியது, யார் யாரைப் பார்த்து அச்சொல்லைச் சொன்னார் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆசிரியர்கள் அக்குறிப்புகளை ஆண்டுவாரியாக அடுக்கி, மேலே சொன்ன 1955, 1972, 1979, 2007, 2012 ஆகிய ஆண்டுகளோடு ஒப்பிடச் செய்யலாம். சட்டங்கள் மாறிய காலமும் சொற்கள் மாறிய காலமும் பொருந்துகின்றனவா என்று அப்பட்டியலைக் கொண்டு மாணவர்களே ஆராயட்டும். பள்ளிக்கூடத்தின் தாழ்வாரத்தைத் துடைப்பவரும் வாயிலில் நிற்பவரும் அவ்வரலாற்றின் இன்றைய மாந்தர்கள் என்பதையும், அவர்களை எந்தச் சொல்லால் அழைக்க வேண்டும் என்பதையும் அவ்வகுப்பிலேயே பேசிவிடலாம்.